கடனுக்கு முன் கணக்கு

இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பிய எவரும் தம் பெயரில் கடன் வாங்கலாம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வயதில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்திருப்பார்கள். அல்லது வேலைக்குப் போயிருப்பார்கள். கையில் ஸ்மார்ட்போன் இருக்கும். அதில் யுபிஐ இருக்கும். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கும் இருக்கும். தவணைக்குப் பொருள் தருகிறோம் என்ற குறுஞ்செய்தி, உடனடிக் கடன் செயலி, கிரெடிட் கார்டு எல்லாம் அவர்களைத் தேடி வந்துவிடும். வட்டி எப்படிப் போடப்படுகிறது, மாதச் சம்பளத்தில் எவ்வளவு தவணை தாங்கும், தவறினால் என்ன ஆகும் என்பதைத்தான் அதுவரை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். கடன் வாங்கும் உரிமை வருவதற்கு முன்பே கடனின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லித் தரும் பொறுப்பைப் பள்ளிக் கல்வித் துறை ஏற்க வேண்டும்.

இந்தப் பொறுப்பு தமிழ்நாடு அரசுக்குக் கூடுதலாகவே உண்டு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் செலுத்தும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. பேருந்துக்கும் புத்தகத்துக்கும் வீட்டில் கைநீட்ட வேண்டியிராத நிலையை இந்தப் பணம் உண்டாக்கியிருக்கிறது. படிப்பைப் பாதியில் விட இருந்த பெண் பிள்ளைகளுக்கு அது எத்தனை பெரிய துணை என்பது அவர்களின் தாய்மார்களுக்குத் தெரியும். அரசே முன்வந்து பதினெட்டு வயதுப் பிள்ளையை வங்கி வாடிக்கையாளராக்கியிருக்கிறது. அந்தக் கணக்கை ஆளக் கற்றுத் தருவதும் அதே திட்டத்தின் மறுபாதியாக இருக்க வேண்டும்.

பாடநூலில் பணத்தைப் பற்றி எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. சமச்சீர் பாடத்திட்டத்தின் எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் பணம், சேமிப்பு, முதலீடு பற்றிய பாடம் உண்டு. பண்டமாற்றில் தொடங்கி நாணயம், காகிதப் பணம், ரிசர்வ் வங்கி என்று அது நகர்கிறது. கணிதத்தில் தனிவட்டியும் கூட்டுவட்டியும் வருகின்றன. ஆனால் கூட்டுவட்டிச் சூத்திரத்தை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கிய மாணவர், நான்கு ஆண்டு கழித்துச் செல்போன் கடையில் தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது அந்தச் சூத்திரத்தை நினைப்பதில்லை. இரண்டும் ஒன்றே என்று வகுப்பறையில் யாரும் காட்டியதில்லை. தேசிய நிதிக் கல்வி மையம் 2019-இல் நடத்திய ஆய்வில், நிதி பற்றிய அடிப்படை அறிவு உள்ளவர்கள் நாட்டின் பெரியவர்களில் சுமார் 27 சதவீதம்தான் என்று தெரியவந்தது. படித்தவர்களையும் சேர்த்து எடுத்த கணக்கு அது.

கற்பிக்க வேண்டியதில் முதலிடம் கடனுக்கே. 20,000 ரூபாய்ச் செல்போனுக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, பன்னிரண்டு தவணை என்று கடைக்காரர் சொல்கிறார் என்று கொள்வோம். வட்டி 2,400, மொத்தம் 22,400, மாதத் தவணை ஏறத்தாழ 1,867. நியாயமாகவே தோன்றும். ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. வட்டி மட்டும் முதல் நாள் இருந்த முழு 20,000-க்கே போடப்பட்டிருக்கிறது. குறையும் அசலுக்கு வட்டி என்று கணக்கிட்டால் உண்மையான விகிதம் 21 சதவீதத்தைத் தாண்டும். வட்டியே இல்லாத தவணை என்ற விளம்பரமும் இப்படித்தான். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எழுதியது. ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி கைவிட்டுப் போவதும், பரிசீலனைக் கட்டணமாகப் பிடிப்பதும் வேறு பெயரில் வந்த வட்டிதான்.

கிரெடிட் கார்டின் 'குறைந்தபட்சத் தொகை' இன்னும் ஆபத்தானது. 30,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம், குறைந்தபட்சம் 5 சதவீதம் கட்டினால் போதும் என்றால், அந்த மாதம் கட்ட வேண்டியது 1,500 ரூபாய். அதில் 1,050 வட்டிக்குப் போகிறது. அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியாக 189 ரூபாய் போகிறது. கடனில் குறைவது வெறும் 261 ரூபாய். தவறாமல் பணம் கட்டிவரும் நேர்மையான இளைஞர் ஆண்டுக்கணக்கில் கடனிலேயே கிடப்பதற்குச் சோம்பலோ ஊதாரித்தனமோ காரணமாக இருக்க வேண்டியதில்லை; இந்த ஒரு வரிக் கணக்கு தெரியாததே போதும். உடனடிக் கடன் செயலிகளில் சில இதையும் மிஞ்சியவை. 5,000 ரூபாய்க் கடன் என்று சொல்லி, கட்டணம் பிடித்துக்கொண்டு 3,500 ரூபாயைத் தந்து, ஏழே நாளில் முழு 5,000 ரூபாயையும் கேட்டால், ஒரு வார வட்டி மட்டும் கிட்டத்தட்ட 43 சதவீதம். திருப்பித் தரத் தாமதமானால் செல்போனில் உள்ள உறவினர் எண்களுக்கெல்லாம் அழைத்து அவமானப்படுத்துவதும், படங்களை ஆபாசமாக மாற்றி அனுப்புவதும் நடந்திருக்கின்றன. அதைத் தாங்க முடியாமல் உயிரை விட்டவர்களும் உண்டு.

இதற்கெதிரான பாதுகாப்புகள் ஏட்டில் இருக்கின்றன. செல்போனில் உள்ள தொடர்பு எண்களைக் கடன் செயலிகள் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே நெறிமுறை வகுத்தது. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டு விகிதம் எவ்வளவு என்பதைக் காட்டும் முக்கிய விவரத் தாளைச் சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் தர வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்ற எண் இருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும், அதில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பது தெரியாதவருக்கு இவற்றால் பயனில்லை. பத்தாம் வகுப்பில் ஒரே ஒரு பாடவேளையில் இதைப் படிக்கக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

சேமிப்புக்கு வருவோம். மாதம் 500 ரூபாயை அஞ்சலக ஐந்தாண்டு ஆர்.டி.யில் 6.7 சதவீத வட்டியில் போட்டால், கட்டிய 30,000 ரூபாய் முடிவில் 35,600-ஐத் தாண்டும். பெருந்தொகை அல்ல, ஆனால் ஒரு மருத்துவச் செலவையோ ஒரு பருவக் கட்டணத்தையோ கந்துவட்டி இல்லாமல் சமாளிக்கப் போதும். எங்கே சேமிப்பது என்பதுதான் தமிழ்நாட்டில் மிகவும் அடிபட்ட கேள்வி. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பின் பெயரால் 2012-இல் வெடித்த மோசடி தொடங்கி, தீபாவளிச் சீட்டு, தங்க நகைத் திட்டம், மாதம் பத்து சதவீத வட்டி என்று வடிவம் மாறி மாறி வந்த ஏமாற்றுகளில் ஏமாந்தவர்கள் யாரும் செலவாளிகள் அல்லர். சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள்தாம். ஆகவே 'சேமியுங்கள்' என்ற அறிவுரை மட்டும் போதாது. வங்கி வைப்பில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, தனியார் நிதி நிறுவனத்தில் போட்ட பணத்துக்கு அது கிடையாது. ஏலச் சீட்டு நடத்த 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். வங்கி தரும் வட்டியைப் போலப் பல மடங்கு தருகிறேன் என்பவரிடம் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். இந்த மூன்றையும் அறிந்த பதினைந்து வயதுப் பிள்ளை தன் வீட்டையே காப்பாற்றும்.

பங்குச் சந்தையைப் பற்றியும் மௌனம் காக்க முடியாது. இளைஞர்கள் அங்கே போய்விட்டார்கள். விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துப் பணம் போடும் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் பணத்தை இழந்தார்கள் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். இந்த வணிகத்தில் 30 வயதுக்குக் குறைந்தவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31-இலிருந்து 43 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. நீண்ட கால முதலீட்டுக்கும் இந்த வணிகத்துக்கும் உள்ள வேறுபாட்டை யூடியூப் ஆலோசகர்கள் சொல்லித் தருவார்கள் என்று விட்டுவிடுவது பெரியவர்களின் பொறுப்பின்மை.

இதெல்லாம் பெற்றோர் சொல்லித் தர வேண்டியது, பள்ளிக்கு எதற்கு இந்தச் சுமை என்று கேட்பவர்கள் உண்டு. ரொக்கத்தில் வாழ்ந்த தலைமுறை, கண்ணில் படாத பணத்தைக் கையாளும் தலைமுறைக்கு எல்லாவற்றையும் சொல்லித் தர முடியாது. ஏழைக்குச் சிக்கனம் போதிப்பது அநீதி என்ற வாதம் இதைவிடக் கனமானது. அதில் உண்மை இருக்கிறது. வருமானமே போதாத வீட்டில் வரவு செலவுத் திட்டம் சோறு போடாது. கூலி உயர்வுக்கும் நல்ல அரசு மருத்துவமனைக்கும் அது மாற்று ஆகாது. ஆனால் தமிழ்நாட்டின் ஏழைப் பெண்கள் இந்தக் கலையில் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் வாரச் சந்தாவும் உள்கடனும் தீர்மானப் புத்தகமும் அவர்கள் கையால் நடந்தவை. அந்த அனுபவத்தைப் பள்ளிக்குள் கொண்டுவரலாம். குழு நடத்திய அம்மா ஒருவரை வகுப்பில் பேச அழைப்பதற்குச் செலவே இல்லை. நாள் கூலியில் ஓடும் வீட்டுக்கு மாதச் சம்பளக்காரரின் வரவு செலவுப் பட்டியல் பொருந்தாது என்பதையும் பாடம் எழுதுபவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஜூன் மாதப் பள்ளிச் செலவு, ஐப்பசி மழையில் வேலையில்லாத நாட்கள், ஒரு விசேஷத்தின் மொய் என்று அந்த வீட்டின் ஆண்டு வேறு மாதிரி ஓடுகிறது.

எப்படிக் கற்பிப்பது என்பதில் பிரேசிலின் அனுபவம் பயன்படும். அங்கே 2010, 2011 ஆண்டுகளில் 892 உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 25,000 மாணவர்களைக் கொண்டு பெரிய சோதனை நடந்தது. நிதிப் பாடம் படித்தவர்களின் அறிவும் சேமிப்பும் கூடின. பெற்றோரின் அறிவும் கூடியது. கூடவே, அதே மாணவர்கள் பொருள் வாங்க அதிக வட்டிக் கடனையும் கூடுதலாகப் பயன்படுத்தியதும் தெரியவந்தது. பாடம் நடத்தினாலே போதும் என்ற எண்ணத்துக்கு இது எச்சரிக்கை. கடன் வசதிகளை அறிமுகப்படுத்திவிட்டு அவற்றின் விலையைச் சரியாகச் சொல்லாவிட்டால், பாடமே விளம்பரமாகிவிடும். இதே காரணத்தால் வங்கி, காப்பீடு, மியூச்சுவல் பண்டு, கடன் செயலி ஆகியவற்றின் விற்பனையாளர்களை வகுப்பறைக்குள் விடக் கூடாது. இலவசமாகப் பயிற்சி தருகிறோம் என்று அவர்கள் வருவார்கள். பொருளை விற்பவர் அதை வாங்காமல் இருக்கக் கற்றுத்தர மாட்டார்.

செயல்முறை இல்லாமல் இந்தப் பாடம் நிற்காது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாமாகவே சேமிப்புக் கணக்கைத் தொடங்கி இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வங்கிகளுக்கு அனுமதி அளித்திருக்கிறது. அந்தக் கணக்கில் ஓவர் டிராப்ட் தரக் கூடாது என்பதும் அதே விதி. ஒரு காலத்தில் பள்ளிகளில் சஞ்சாயிகா சிறுசேமிப்பு இருந்தது. மாணவர்களே கணக்காளராக உட்கார்ந்து பிள்ளைகள் கொண்டுவந்த சில்லறையைக் குறித்து வாங்கினார்கள். அந்த முறையை இன்றைய வங்கிக் கணக்கோடு இணைத்து மீட்டெடுக்கலாம். எட்டாம் வகுப்பில் மூன்று மாதம் செலவுக் குறிப்பேடு, ஒன்பதில் சேமிப்புக் கணக்கு, பத்தில் ஒரு கடன் ஒப்பந்தத்தைப் படித்து உண்மை வட்டியைக் கண்டுபிடிக்கும் பயிற்சி என்று அமைத்தால் போதும். கணித ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் பகிர்ந்துகொண்டால் புதிய ஆசிரியர் பணியிடம் தேவைப்படாது. இதற்குப் பொதுத்தேர்வு மதிப்பெண் வைக்கக் கூடாது. வைத்தால் மறு ஆண்டே வினாவிடைக் கையேடு வந்து, குறிப்பேடும் மனப்பாடம் ஆகிவிடும்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் மாணவர்களுக்கு இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தின் வழியாகக் கல்லூரி முதல் பருவத்திலேயே அவர்கள் அனைவருக்கும் கடன், சேமிப்பு, மோசடி பற்றிய பத்து மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கலாம். வரும் கல்வியாண்டில் பயிற்சியையும், அடுத்த பாடநூல் திருத்தத்தில் பள்ளிப் பாடத்தையும் கொண்டுவர அரசு ஆணையிட வேண்டும்.