கலியாணம் உங்கட, தூக்கம் எங்கட

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் வந்து பாருங்க. மதிலோட மதில் ஒட்டின வீடுகள். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்துச் சனமும் உள்ளுக்கு வந்ததால நெருக்கம் இன்னும் கூடிச்சு. அதுக்குள்ளதான் கலியாண மண்டபம். வாகனம் நிறுத்த இடமில்லை, ஒழுங்கை முழுக்க வேன். ஜெனரேட்டர் யாருட படுக்கையறை ஜன்னலுக்கு நேரே உறுமுது என்று கேட்க ஆளில்லை.

கேட்டால், "ஒரு நாள்தானே தம்பி, பொறுங்க" என்பார்கள். கலியாண வீட்டுக்கு ஒரு நாள். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற தங்கச்சிக்கும் நோயில கிடக்கிற உம்மம்மாவுக்கும் சீசன் முழுக்க.

சட்டம் இல்லாமல் இல்லை. 1996 ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிப்படி மாநகர சபைப் பகுதிக்கு இரவு எல்லை 50 டெசிபல். அந்த "இரவு" மாலை 6 மணிக்கே தொடங்குது. 2007இல் உயர் நீதிமன்றம், இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்றது. விசேட நிகழ்வென்றால் அயலவர்களை விசாரித்த பிறகுதான். அந்த வழக்கே வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கியில் தொடங்கியது! பள்ளிக்கே வரம்பு இருக்கிற நாட்டில டிஜே பெட்டிக்கு என்னத்துக்குச் சலுகை?

நாங்கள் மண்டபத்துக்கு எதிரிகள் இல்லை. எங்கட ராத்தாமாருட வலீமாவும் அங்கதான் நடந்தது. அன்றைக்கு நாங்களும் பக்கத்து வீட்டை நினைக்கல்ல. கேட்பது இவ்வளவுதான்: அனுமதி கொடுக்க முன்னம் மாநகர சபை அயல்வீடுகளைக் கேட்கணும். வாகனத் தரிப்பிடமும் சத்தத் தடுப்பும் வரைபடத்தில இல்லாட்டி அனுமதியே கொடுக்கக் கூடாது.

முறைப்பாடு போட்டா ஊர்ப்பகை என்று வாப்பாமார் பயப்படுறாங்க. அதனால மனுவில முதல் பேர்கள் எங்கட. கையெழுத்துப் போட விருப்பமானவங்க மஃரிபுக்குப் பிறகு வாங்க.