மதிப்பெண் இடும் இயந்திரமும் மீந்துபோன மருந்தும்

விருதுநகரிலோ சிவகாசியிலோ பொறியியல் முடிக்கும் பிள்ளைக்கும் அதன் முதல் வேலைக்கும் நடுவே இன்று ஒரு கணினித் திரை நிற்கிறது. சரக்கு தாமதமாவதை வாடிக்கையாளருக்கு விளக்கி ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்கிறது. எழுதியதை மென்பொருள் படித்து மதிப்பெண் இடுகிறது. பணியிட எழுத்துத்திறனை அளந்தாயிற்று என்கிறார்கள். அளக்கப்பட்டது அதுவன்று என்பதே என் கட்சி.

இந்த யோசனைக்கு வயது அதிகம். 1966இல் அமெரிக்கரான எல்லிஸ் பேஜ், கட்டுரையின் நீளம், சொற்களின் சராசரி நீளம், காற்புள்ளிகள் போன்ற புற அடையாளங்களை எண்ணி, ஆசிரியர் இடக்கூடிய மதிப்பெண்ணைக் கணினியால் ஊகிக்க முயன்றார். 1999இல் ஜிமேட் தேர்வில் மனிதரோடு சேர்ந்து மென்பொருளும் கட்டுரை திருத்தியது. இந்தியாவில் 2008இல் தொடங்கிய ஆஸ்பைரிங் மைண்ட்ஸ், தனது ஆம்கேட் வழியே வேலைக்கான கணினித் தேர்வைக் கல்லூரிதோறும் கொண்டுசென்றது. நுட்பம் வெகுதூரம் வளர்ந்திருக்கிறது. ஆயினும் மனிதர் முன்பு இட்ட மதிப்பெண்களைப் பார்த்து ஊகிப்பதே அதன் அடிப்படை.

ஊகம் எப்படி ஏமாறும் என்பதை எம்.ஐ.டி.யில் எழுத்துப் பயிற்சியை நடத்திய லெஸ் பெரல்மன் 2014இல் காட்டினார். அவரும் மாணவர்களும் ஆக்கிய 'பேபல்' என்னும் நிரலுக்கு ஓரிரு சொற்களைக் கொடுத்தால், கனத்த சொற்கள் நிறைந்த பொருளற்ற கட்டுரையைத் துப்பும். திருத்தும் இயந்திரங்கள் அதற்கு உயர்ந்த மதிப்பெண் வழங்கின. ஆஸ்திரேலியா தன் பள்ளித் தேர்வுகளில் இயந்திரத் திருத்தத்தைப் புகுத்தும் திட்டத்தைக் கைவிட்டதற்கு அவரது விமர்சனமும் ஒரு காரணம்.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே பணியிட எழுத்து என்றால் என்ன? முந்தைய நாள் மீந்த மணிமருந்து நீர்த்துப்போனால் தானே சூடேறி வெடிக்கும் என்பது கந்தக பூமியில் குழந்தையும் அறிந்த செய்தி. வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் தலைமையகமோ நாக்பூரில். அங்கே போகும் ஒரு கடிதத்தில், "மருந்து மீந்திருக்கிறது. ஈரம் பட்டிருக்கிறது. அறையைத் திறக்க வேண்டாம்" என்று மூன்று குறுவாக்கியங்களை ஒருவர் பிழைபட்ட ஆங்கிலத்தில் எழுதினால், அதுவே தலைசிறந்த பணியிட எழுத்து. படித்தவர் கையை நிறுத்துவார். 2012இல் முதலிப்பட்டியில் ஒரே விபத்தில் 30க்கும் மேற்பட்டோரை இழந்த மாவட்டத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மூன்று வாக்கியங்களின் எடையை இயந்திரம் அறியாது. அவை உண்மையா என்பதையும் அறியாது.

இயந்திரம் சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, ஆயிரம் பேரை ஒரே நாளில் திருத்துகிறது என்பார்கள். மெய்தான், நேர்முகத்தில் மனிதர் செய்யும் ஓரவஞ்சனையை நானும் அறிவேன். ஆனால் இயந்திரம் பாடம் கற்றது அதே மனிதரின் மதிப்பெண்களிலிருந்து அல்லவா? பழைய சாய்வுகளை முகமற்றதாக்கித் திருப்பித் தருவது நடுநிலை ஆகாது. முகமுள்ளவரிடமாவது காரணம் கேட்கலாம்.

விளைவு என்ன? பிள்ளைகள் சிந்திப்பதை விட்டு 'நலம், நலமறிய ஆவல்' பாணி வாசகங்களின் ஆங்கில வடிவை உருப்போடுகிறார்கள். அதை நாமே பயிற்சி என்று அழைக்கிறோம்.

எழுத்துப்பிழை பார்க்க இயந்திரம் இருக்கட்டும். ஆனால் ஒருவரைத் தள்ளுபடி செய்யுமுன் அவர் எழுதியதை ஒரு மனிதர் படிக்க வேண்டும். எங்கே தவறினார் என்று அவருக்குச் சொல்லவும் வேண்டும். கடிதம் என்பது படிப்பவருக்காக எழுதப்படுவது. படிப்பவரே இல்லாத இடத்தில் எதைத் திறன் என்கிறோம்?