முதுமையின் இழப்பை எதனால் அளப்பது?

தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2018ஆம் ஆண்டு இழப்பீட்டுத் திட்டம் வன்புணர்வுக்கு 4 முதல் 7 இலட்சம் ரூபாய் வரை வரம்பிடுகிறது. பாதிக்கப்பட்டவர் சிறுமியாயின் அவ்வரம்பு 50 விழுக்காடு உயரும். மூதாட்டிக்கு அவ்வுயர்வு இல்லை. தொகையை முடிவுசெய்யும் காரணிகளுள் கல்வி இழப்பும் வேலை இழப்பும் உள்ளன. வருவாயற்ற முதியவரிடம் அவை பொருளற்றவை. அவர் இழப்பது தனித்து வாழும் துணிவை.

விசாரணையை 2 மாதங்களில் முடிக்கச் சட்டம் பணிக்கிறது. எஞ்சிய ஆண்டுகள் சிலவே உள்ளவருக்குத் தாமதமே மறுப்பாகும். 2011 கணக்கெடுப்பின்படி கேரள மக்களுள் 12.6 விழுக்காட்டினர் முதியோர். கிழக்கேகோட்டையில் தனித்து வாழும் மூதாட்டியை வஞ்சியூர் நீதிமன்றப் படிகளில் அலையவிடாது, இடைக்கால நிவாரணம் அவர் வீடு தேடிச் செல்லவேண்டும். சிறுமியர்க்குரிய உயர்வு அறுபதைக் கடந்தோர்க்கும் வேண்டும். ஈட்டும் திறனால் மட்டுமே துயரை அளக்கும் நீதி, அரை நீதியே.