மங்காத்தா: உள்ளே, வெளியே, நடுவில் ஒரு கணக்கு

2011-ல் அஜித் படம் வந்த பிறகு மங்காத்தா என்ற பெயர் தெரியாதவர் இல்லை. ஆட்டம் தெரியுமா என்றால் பாதிப் பேர் விழிப்பார்கள்! சுலபம்தான். ஒரு சீட்டைத் திருப்பி நடுவில் வைப்பார்கள். பிறகு உள்ளே, வெளியே என்று மாறி மாறிச் சீட்டு விழும். நடுச்சீட்டின் ஜோடி எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் கட்டியவர் ஜெயித்தார்.

சந்தவாசலில் மரத்தடியில் ஆடினால் போலீஸ் வரும். தமிழ்நாட்டில் 1930-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கோவா கேசினோவிலோ இதே ஆட்டம் ‘அந்தர் பாஹர்’ என்ற பெயரில் சட்டப்படியே நடக்கிறது.

முதல் சீட்டு விழும் பக்கம் 1000 ஆட்டத்தில் ஏறக்குறைய 515 முறை ஜெயிக்கும். அட, லாபமாச்சே என்று தோன்றும். ஆனால் பல கேசினோக்களில் அந்தப் பக்கம் 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் கிடைப்பது 90 தான். ஆக 515 வெற்றிக்கு 46,350 வரும். 485 தோல்விக்கு 48,500 போகும். யாரும் சீட்டை மறைக்காமல், யாரையும் ஏமாற்றாமல் 2,150 ரூபாய் காலி!

ரூலெட் சக்கரமும் அப்படித்தான். 37 எண்ணிலும் பத்துப் பத்து ரூபாய் வைத்தால் 370. திரும்பி வருவது 360.

ஆடாதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். 2025-ல் நாடாளுமன்றமே ஆன்லைன் பண விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஏன் தோற்கிறோம் என்று மட்டும் யாரும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. பட்டுத்தறியில் இழை எண்ணிப் பாவு பிணைப்பவருக்கு இது ஒரு நிமிட வேலை. பள்ளியில் நிகழ்தகவுப் பாடத்துக்கு எத்தனை காலம்தான் நாணயத்தையே சுண்டிக்கொண்டிருப்பது? ஒரு சீட்டுக்கட்டை மேஜையில் வைக்கலாமே!