டிவிக்குப் பின்னால ஒரு வெளிச்சம்

எங்க வீட்டுல ஒரே ஹால். ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளைங்க தூங்கணும்னு டியூப்லைட்டை அணைச்சிடுவோம். அப்பா மட்டும் இருட்டுல உட்கார்ந்து செய்தி பார்ப்பார். கொஞ்ச நேரத்துல துண்டால கண்ணைத் துடைக்க ஆரம்பிச்சிடுவார். சுத்திலும் கும்மிருட்டு, நடுவுல பளீர்னு திரை. கண்ணு கூசத்தானே செய்யும்?

சென்னையில் மச்சான் வீட்டில், திரையில் வரும் நிறத்துக்கு ஏற்பச் சுவரும் நிறம் மாறும். பிலிப்ஸ் 2004-இல் 'ஆம்பிலைட்' என்று கொண்டுவந்த சங்கதி. இப்போ இஎஸ்பி32 போர்டும் எல்இடி பட்டையும் வாங்கி அவங்கவங்களே செஞ்சுக்கிறாங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அது வேடிக்கை. அப்பாவுக்கு வேண்டியது வெளிச்சம்.

நான் வாங்கியது நிறம் மாறாத 5 வோல்ட் வெள்ளைப் பட்டை. 6500 கெல்வின், பகல் வெளிச்சம் மாதிரி. டிவியின் பின்பக்கத்தைத் துடைத்து, ஓரத்திலிருந்து ரெண்டு விரல் உள்ளே தள்ளி ஒட்டினேன். டிவியோட யுஎஸ்பியிலேயே செருகியாச்சு. சாதாரண யுஎஸ்பி அரை ஆம்பியர்தான் கொடுக்கும். நீளமான பட்டையை அதுல மாட்டாதீங்க.

எங்க சுவர் கிளிப்பச்சை. வெளிச்சமும் பச்சையாவே அடிச்சது. டிவிக்குப் பின்னால மட்டும் வெள்ளையடிச்சேன், சரியாப் போச்சு.

"கலர் மாறலையே மாப்ள"ன்னு மச்சான் சிரிச்சார். சிரிக்கட்டும். அப்பாவோட துண்டு இப்போ தோளிலேயே கிடக்கு.

ஊர்ல உங்க அப்பா அம்மாவும் இருட்டுலதான் டிவி பார்க்கிறாங்களா? அடுத்த முறை வரும்போது, பலகாரப் பையோட இதையும் ஒண்ணு எடுத்துட்டு வாங்க.