இருவருக்கு ஒரு ஞாயிறு

ஆனியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது விருதுநகர் பக்கத்து ஆமத்தூரில் அனல்காற்று வீசும். விருதுநகரில் செங்கோட்டை ரயில் ஏறினால் சிவகாசி, ராஜபாளையம், சங்கரன்கோவில் தாண்டித் தென்காசி. அங்கிருந்து அருவி கூப்பிடு தூரம். ஆமத்தூர்ச் சுற்றுவட்டாரத்தில் பட்டாசு வேலைக்குப் போகிற கணவன் மனைவியரில் எத்தனை பேர், பிள்ளைகள் இல்லாமல், இருவர் மட்டுமாக அங்கே ஓர் இரவு தங்கியிருப்பார்கள்? தெரிந்தவர்களிடம் கேட்டால் சிரிக்கிறார்கள். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குப் போனதைத்தான் இருவராகப் போன பயணம் என்று சொல்கிறார்கள்.

வார இறுதியில் காதலோடு ஓடிப்போவதற்கென்றே உலகம் அறிந்த ஊர் லாஸ் வேகாஸ். அதுவும் வானம் பார்த்த பூமிதான்; ஆண்டு முழுக்கப் பெய்தாலும் மழை சுமார் 10 சென்டிமீட்டர். 1931இல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. ஆறு வாரம் தங்கினாலே விவாகரத்துக் கோரலாம் என்று விதியைத் தளர்த்தியதும் அதே ஆண்டில்தான். திருமணத்துக்குக் காத்திருக்கும் நாள் கிடையாது. உரிமம் தரும் அலுவலகம் நள்ளிரவு வரை திறந்திருக்கிறது. சேர்வதையும் பிரிவதையும் வைத்து அந்தப் பாலை பிழைத்துக்கொண்டது.

நம் கரிசலும் வறட்சியை வைத்தே பிழைத்தது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். இங்கே மருந்து காய வெயில் இருந்தது, விளைச்சலை நம்ப முடியாத கைகள் இருந்தன. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் வந்தது. இன்று நாட்டின் எந்த மூலையில் கல்யாண ஊர்வலம் போனாலும், தலைதீபாவளி நடந்தாலும், வெடிப்பது பெரும்பாலும் இந்தக் கைகள் செய்த சரக்கு.

ஞாயிற்றுக்கிழமை லீவுதானே என்று கேட்கலாம். ஒரு வீட்டு ஞாயிற்றைப் பாருங்கள். ஆறு நாள் கம்பெனி வண்டியில் போய் வந்த பெண்ணுக்கு அன்றுதான் துணி துவைக்க, மாவாட்ட, குழுக் கடனுக்கு ஓட நேரம். நகக்கண்ணில் ஏறிய அலுமினியப் பவுடர் சோப்புக்கு அசையாது. குடம் இவ்வளவு என்று விலைக்கு வாங்கிய தண்ணீரில் எவ்வளவுதான் தேய்ப்பாள்? ஆணுக்கு அது கறி எடுக்கும் நாள், தூங்கும் நாள், பலருக்குக் குடிக்கும் நாள். ஒரே கூரையின்கீழ் அவளுக்கு ஒரு ஞாயிறு, அவனுக்கு வேறொரு ஞாயிறு. சாயங்காலம் விருதுநகரிலிருந்து எண்ணெய் பரோட்டா வந்தால் பிள்ளைகளோடு பங்கு. ஊரைவிட்டுக் கிளம்புவதென்றால் ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி, பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர்ப் பொருட்காட்சி, மொட்டை போடத் திருச்செந்தூர். வேனுக்குள் இருபது பேர். அந்தக் கூட்டத்தின் சந்தோஷத்தில் வளர்ந்தவன் நான். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இருவர் முகம் பார்த்துப் பேச அதில் இடமில்லை. ஒற்றை அறை வீட்டிலும் இல்லை.

காலையில் வண்டி ஏறியவர் மாலையில் திரும்புவார் என்ற உறுதி இல்லாத தொழில் இது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் ஒரே விபத்தில் 30க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. இப்படி வாழும் இருவர் இரண்டு நாள் சேர்ந்திருப்பதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சட்டத்தில் வழி இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஓராண்டில் 240 நாள் உழைத்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. 2020இல் இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த 240ஐ 180 ஆக்கியது. ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவருக்கும், உள்குத்தகை அறையில் மருந்து செலுத்துபவருக்கும், பதிவேட்டில் பெயரே ஏறாதவருக்கும் விடுப்பு என்றால் கூலி போன நாள். இருவர் இரண்டு நாள் போனால் நான்கு கூலி போச்சு. பிரான்சில் 1936இல் லியோன் ப்ளூம் அரசு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்று சட்டம் போட்டதோடு, ரயில் கட்டணத்தில் 40 சதவீதத் தள்ளுபடியும் கொடுத்தது. லீவு கொடுத்தால் மட்டும் போதாது, போய்வரக் காசும் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கோடையில்தான் ஆலைத் தொழிலாளர் பலர் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்கள்.

காசு சேர்த்துப் போனாலும் லாட்ஜ் வரவேற்பில் ஒரு பார்வை காத்திருக்கிறது. தாலியைத் தேடும் பார்வை. திருமணமாகாத இருவர் ஓர் அறையில் தங்குவது குற்றமல்ல என்று கோவை விடுதி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019இலேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு இன்னும் வரவேற்பு மேசைவரை வந்து சேரவில்லை.

லாஸ் வேகாஸின் சூது மட்டும் கைபேசி வழியாக நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. சம்பளத்தன்று ராத்திரி ஆளுக்கொரு மூலையில் படுத்தபடி ஆடலாம் என்று ஆனது. அதற்கு லீவும் வேண்டாம், துணையும் வேண்டாம். தமிழ்நாடு 2022இல் இணையச் சூதாட்டத்துக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2025இல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை ஒன்றிய அரசும் தடை செய்தது. இரண்டும் தேவையானவை. தடுத்த இடத்தில் எதைக் கொடுத்தோம்?

தீபாவளி கழிந்து ஆலைகள் மூடும் நாட்களில் கையில் நேரம் இருக்கும். அது ஐப்பசி மழைக்காலம். அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். சாரல் பருவமோ ஆர்டர் நெருக்கும் பருவம். அப்போதுதான் விடுப்பு வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் போக வேண்டியதில்லை, அறைக்கு அறை முறை வைத்து அனுப்பலாம். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் நலவாரியம் கல்யாணத்துக்கு உதவித்தொகை தருகிறது; கல்யாணத்துக்குப் பிறகான நாட்களுக்கும் ஏதாவது செய்யட்டும். குற்றாலத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதியில் ஆனி, ஆடி இரண்டு மாதமும் பத்து அறையை ஒதுக்கி வைக்கலாம். வாரிய அட்டையைக் காட்டினால் இருவருக்கு இரண்டு இரவு, அந்த நாட்களுக்கான கூலியோடு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் மாமியார் இருக்கிறார். அடுத்த முறை அவரையும் அனுப்ப வேண்டும். முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டியவர், இதுவரை அருவியைப் பார்த்ததில்லை.