விலைபோகும் வரைபடங்கள்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மலையேற்றத்திலும் நெடுநடையிலும் பற்றுள்ளவர்கள் கூடி நடத்தும் எங்கள் சங்கம், வெளிப்புற வரைபடச் செயலிகளைப் பெரிய ஸ்தாபனங்கள் விலைக்கு வாங்கும்போது அவற்றை நம்பி நடந்தவர்களுக்கு நேரும் கதியைக் குறித்துச் சில வருஷங்களாகக் கவலையுடன் ஆலோசித்து, இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. செயலியைத் தோற்றுவித்தவர்களுக்கு அதை விற்கும் உரிமை உண்டு. ஆனால் அதனுள் சேர்ந்திருக்கும் தடங்களும் குறிப்புகளும் நடந்தவர்களின் உழைப்பில் விளைந்தவையாதலால், அவர்களைக் கேளாமலே அவையும் கைமாறிவிடுவது நியாயமன்று என்பது எங்கள் திடமான அபிப்பிராயம்.

லண்டனில் பிறந்த ஃபேட்மேப்பை முதலில் சொல்ல வேண்டும். ஆல்ப்ஸ் மலைகளில் பனிச்சறுக்கு செல்வோர், வீட்டில் இருந்தபடியே ஒரு சிகரத்தை முப்பரிமாணத்தில் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து, சரிவின் சாய்மானத்தை நிறபேதத்தால் அறிந்துகொள்ள அந்தச் செயலி வழிசெய்தது. பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களிலேயே நிகழ்வதால், அந்த நிறங்களைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அவை உயிர்காக்கும் எச்சரிக்கையாகவே இருந்தன. 2023 ஜனவரியில், ஓட்டத்தையும் சைக்கிள் சவாரியையும் பதிவு செய்யும் ஸ்ட்ராவா அதை வாங்கியது. 2024 அக்டோபர் 1 அன்று ஃபேட்மேப் நிறுத்தப்பட்டது. முப்பரிமாணக் காட்சி முதலிய சில அம்சங்கள் ஸ்ட்ராவாவோடு சேர்ந்தன என்பது உண்மையே. எனினும், மலைக்காக மட்டுமே சிந்தித்துச் செய்யப்பட்ட ஒரு கருவிக்கும், பல காரியங்களுக்கிடையே மலையையும் காட்டும் கருவிக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. இங்கிலாந்தின் வியூரேஞ்சரும் ஜெர்மனியின் அவுட்டோர் ஆக்டிவ் வசமான பிறகு இவ்வாறே மறைந்தது.

ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரத்துக் கொமூட் வேறு விதமான பாடம். 2025 மார்ச்சில் மிலானைச் சேர்ந்த பெண்டிங் ஸ்பூன்ஸ் அதை வாங்கியது. செயலி நிற்கவில்லை, ஆனால் அதைக் கட்டி வளர்த்த ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் விரைவிலேயே வேலை இழந்தார்கள். வரைபடம் அச்சிட்டு முடித்த புஸ்தகமன்று. மழையில் பாதை சரிகிறது, ஓடைப்பாலம் அடித்துச் செல்லப்படுகிறது, நேற்றுவரை திறந்திருந்த வழியில் இன்று வேலி எழுகிறது. பயணிகள் அனுப்பும் திருத்தங்களில் எது மெய், எது தவறு என்று நிதானித்தறியும் அனுபவம் மனிதர்களிடம் இருக்கிறதேயன்றி நிரலில் இல்லை.

எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததை இங்கே சொல்வது அவசியம். பொழுது விடியுமுன் சமிக்ஞையே கிட்டாத ஒரு மலைமுகட்டில் அவர் கைபேசியைத் திறந்தபோது, முந்தைய இரவே பதிவிறக்கி வைத்திருந்த வரைபடத்துக்குப் பதிலாக, செயலியை வாங்கிய நிறுவனத்தின் பெயரில் புதுக் கணக்கொன்று தொடங்குமாறு கேட்கும் திரை எழுந்தது. வெளிச்சம் வரும்வரை இரண்டு மணி நேரம் அவர் குளிரில் பாறையோரம் உட்கார்ந்திருந்தார். ஊர் திரும்பியதும் பதினோரு வருஷத்துத் தடங்களை ஜி.பி.எக்ஸ் கோப்புகளாக வெளியே எடுத்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் என்று எண்கள் வரிவரியாக வந்தன. ஆனால் “இந்த ஊற்று வைகாசியில் வற்றிவிடும், கீழேயே நீர் நிரப்பிக்கொள்க” என்று அவர் எழுதி வைத்த குறிப்பும், ஊற்றின் படமும் வரவில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. செயலியை நிறுத்தவோ வேறொன்றுடன் இணைக்கவோ எண்ணும் நிறுவனம் குறைந்தது ஒரு வருஷத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். தடங்களோடு குறிப்புகளும் படங்களும் திறந்த வடிவத்தில் வெளியேற வழி தரவேண்டும். ஒருமுறை விலை கொடுத்து வாங்கியதைப் பின்னர் சந்தாவின் கீழ் கொண்டுவரக் கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமாக, பதிவிறக்கிய வரைபடம் எந்தக் கணக்கும் கேளாமல், இணையம் இல்லாத இடத்திலும் திறக்க வேண்டும். இந்த ஒன்றில் நாங்கள் எவ்வித சமரசத்துக்கும் சம்மதியோம். ஐரோப்பாவில் 2018 முதல் அமலில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, ஒருவர் தாம் அளித்த தரவைத் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. அது நல்ல ஆரம்பமே. ஆயினும் பலர் சேர்ந்து ஒரே பாதைக்கு எழுதிய குறிப்புகளைத் தனியொருவர் கேட்டுப் பெற முடியாதாகையால், மூடப்படும் செயலி, எழுதியவர்களின் சம்மதத்தோடு, அவற்றைப் பொது உரிமத்தில் வெளியிட வேண்டும் என்கிறோம்.

இது நடவாத காரியம் என்பாருக்கு மேப்ஸ்.மி சாட்சி. 2014இல் ரஷ்யாவின் மெயில்.ரு வசமாகி, மறு வருஷமே நிரல் பொதுவில் வெளியிடப்பட்ட அந்தச் செயலி, 2020இல் மீண்டும் கைமாறியபோது, தன்னார்வலர்கள் அந்த நிரலை எடுத்து ஆர்கானிக் மேப்ஸ் என்ற புதிய செயலியாக வளர்த்தார்கள். அடிப்படை வரைபடம், யாவரும் சேர்க்கவும் பயன்படுத்தவும் கூடிய பொது வரைபடமாக 2004இல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வந்ததாகையால், விற்பனையால் பாதைகள் எவையும் மறையவில்லை.

எங்கள் சங்கம் இனித் தன் நடைகளில் கண்டறியும் பாதைகளையும் ஊற்றுகளையும் முதலில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்கும். அதன் பின்னரே பிற செயலிகளில் பதியும். ஒவ்வொரு மாதத்து முதல் கூட்டத்திலும் உறுப்பினர்கள் தங்கள் தடங்களை வெளியே எடுத்துச் சங்கத்தின் சேமிப்பில் வைக்க உதவி செய்யப்படும். குறிப்புகளை எடுக்க வழியில்லாத செயலிகளில் உள்ளவற்றைக் கையால் பெயர்த்தெழுத இரண்டு அன்பர்கள் முன்வந்திருக்கிறார்கள். வைகாசியில் வற்றும் அந்த ஊற்றிலிருந்து வேலை தொடங்குகிறது.